யுங்கர்ஸ் எஃப் 13: 1919-லேயே பறந்த முழு உலோகப் பயணி விமானம்

மேகவழி

இன்னொரு இழையில் ஒருவர், "முழுக்க உலோகத்தால் செய்த முதல் பயணி விமானம் போயிங் 247" என்று எழுதியிருந்தார். நிறைய பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசை மாறிவிடும் என்று இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

போயிங் 247 முதலில் பறந்தது 1933 பிப்ரவரியில். யுங்கர்ஸ் எஃப் 13 ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் பறந்தது 1919 ஜூன் 25-இல். முதல் உலகப் போர் நின்று எட்டு மாதம்கூட ஆகவில்லை. அது பறந்த மூன்றாம் நாள், ஜெர்மனியோடு போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த வருடம் விமானத்தில் போன பயணியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1919 ஆகஸ்ட் 25-இல் லண்டன்-பாரிஸ் தினசரி சேவை தொடங்கியபோது போனது டிஎச் 4ஏ, அதாவது குண்டுவீச்சு விமானத்தில் இரண்டு பேர் உட்கார இடம் செய்து மூடி போட்டது. மரச்சட்டம், துணிப்போர்வை, இரண்டு அடுக்கு இறக்கை, நடுவில் கட்டைகளும் கம்பிகளும். அன்று போனது ஒரே ஒரு பயணி. கூடவே கொஞ்சம் தோல், செய்தித்தாள், டெவன்ஷர் கிரீம். ஜெர்மனியிலும் பெர்லின்-வைமார் சேவைக்குப் போர் விமானங்களைத்தான் மாற்றி ஓட்டினார்கள். பயணி மேலே திறந்த இருக்கையில், கம்பளி உடுப்பும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு போக வேண்டும்.

எஃப் 13 அப்படி எதையும் மாற்றிச் செய்ததில்லை. பயணிக்காகவே காகிதத்தில் முதல் கோட்டிலிருந்து வரைந்தது. ஹூகோ யுங்கர்ஸின் நிறுவனத்தில் ஓட்டோ ராய்ட்டர் என்ற பொறியாளர் வடிவமைத்தார். ஒற்றை இறக்கை, அதுவும் கீழே. வெளியே தாங்குகட்டையோ கம்பியோ கிடையாது. நான்கு பயணிகளுக்கு மூடிய கேபின், கண்ணாடி ஜன்னல், குளிருக்குச் சூடு, இருக்கையில் பெல்ட். விமானி மட்டும் ஆரம்பத்தில் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். குதிரை வண்டியில் சவாரி உள்ளே, வண்டிக்காரர் வெளியே இருப்பதைப் போல.

1919 செப்டம்பரில் யுங்கர்ஸின் மகள் பெயரைத் தாங்கிய 'அன்னெலீஸ' என்ற எஃப் 13, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு 6,750 மீட்டர் உயரத்துக்குப் போனது. ஜெர்மனி அப்போது சர்வதேச வானூர்தி அமைப்பில் இல்லாததால் அது சாதனையாகப் பதிவாகவில்லை.

என்னைப் பொறுத்தவரை இன்று நாம் ஏறும் ஒவ்வொரு விமானத்துக்கும் இதுதான் கொள்ளுத்தாத்தா. போயிங் 247 பேரப்பிள்ளை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நூலகவாசி

நல்ல இழை. 'முதல் முழு உலோகம்' என்பதில் உங்களோடு எனக்குத் தகராறு இல்லை, அது எஃப் 13-தான். 'கொள்ளுத்தாத்தா' என்பதை மட்டும் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

247-ஐ வரலாற்றில் பெரிதாகப் பேசுவது உலோகத்துக்காக மட்டும் அல்ல. வழவழப்பான தோல் (விமானத்தை மூடும் வெளித்தகடு), உள்ளே மடங்கும் சக்கரம், இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றாலும் பறக்கும் திறன், பத்துப் பயணிகள், மணிக்கு 300 கிலோமீட்டர். எஃப் 13-இன் வேகம் அதில் பாதிதான். சக்கரம் கடைசி வரை வெளியே தொங்கியது. முக்கியமாக, எஃப் 13-இன் தோல் நெளிநெளியாக இருக்கும். இன்று எந்தப் பயணி விமானத்திலாவது நெளிதகடு பார்த்திருக்கிறீர்களா? அந்த வழியைப் பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்களே. அப்படியிருக்க வம்சம் எப்படித் தொடரும்?

வானூர்தி மாணவி

அண்ணா, எனக்கு அடிப்படையில் ஒரு சந்தேகம். நெளிதகடு போட்டால் காற்றுத் தடை கூடும் என்று எங்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். யுங்கர்ஸ் அவ்வளவு பெரிய பேராசிரியர், அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? எதற்காக நெளித்தார்?

கரூர் தகரம்

இதற்கு நான் பதில் சொல்லலாம். விமானம் தெரியாது; தகடு தெரியும். 26 வருடமாகப் பஸ் பாடி கட்டும் வேலை.

தங்கச்சி, ஒரு மெல்லிய அலுமினிய ஷீட்டை, எட்டடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும். லேசாக ஆட்டினால் 'டொம் டொம்' என்று சத்தம் போடும். பஸ்ஸின் பக்கவாட்டில் அப்படியே அடித்தால் ஓடும்போது அதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பழைய பஸ்களில் நீளவாக்கில் வரிவரியாக பீடிங் இழுத்திருப்போம். பார்க்க அழகு என்று நினைப்பார்கள். வேலை என்னவென்றால் தகடு வளையாமல் நிற்பது. கூரைக்குப் போடும் ஷீட்டும் அதே கதைதான். நெளியின் குறுக்கே மடக்கிப் பாருங்கள், உங்களால் முடியாது. நெளியோடு சேர்த்துச் சுருட்டினால் பாய் மாதிரி சுருண்டுவிடும்.

அப்படியென்றால் நெளிதகடு ஒரு திசையில்தான் பலம். இந்த விமானத்தின் இறக்கையில் நெளி எந்தப் பக்கமாக ஓடுகிறது? மேகவழி அண்ணன் சொன்னால் மீதியைச் சொல்கிறேன்.

மேகவழி

கரூர் தம்பி, காற்று ஓடும் திசையில். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு.

கரூர் தகரம்

அப்போது கணக்கு சரியாக வருகிறது. இறக்கை நுனியைப் பிடித்து மேலே தூக்கினால் வளையுமே, அந்த வளைவைத் தாங்குவதில் இந்தத் தோலுக்குப் பங்கு இருக்காது. சுருளும் திசையல்லவா அது? முறுக்கினால் மட்டும் பிடித்து நிறுத்தும். வளைவைத் தாங்க உள்ளே தனியாகக் குழாயோ சட்டமோ இருந்தே ஆக வேண்டும்.

மேகவழி

இருக்கிறது! இறக்கைக்குள் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவையால் செய்த ஒன்பது குழாய்கள் நீளவாக்கில் ஓடும். அவற்றைக் குறுக்குக் குழாய்களால் முக்கோணம் முக்கோணமாகப் பின்னிவிட்டு, மேலே நெளிதகட்டை ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்துவிடுவார்கள். ஒரு போட்டோகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டீர்களே தம்பி, உங்கள் கைக்கு ஒரு கும்பிடு.

பழைய ஏர்ஃப்ரேம்

எல்லோருக்கும் வணக்கம். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் பிரிவில், அதாவது விமானத்தின் உடலையும் இறக்கையையும் பராமரிக்கும் பிரிவில், இருந்து ஓய்வு பெற்றவன். தகட்டைப் பற்றிப் பேசும்போது அந்த உலோகத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். டியூராலுமின் இல்லாவிட்டால் எஃப் 13 இல்லை.

யுங்கர்ஸ் 1915 டிசம்பரில் பறக்கவிட்ட ஜே 1 விமானமும் உலோகம்தான், ஆனால் எஃகுத் தகடு. அதற்கு 'தகரக் கழுதை' என்று பட்டப்பெயர். பறந்தது, ஆனால் கனத்தால் மேலே ஏறச் சிரமப்பட்டது. சுத்த அலுமினியமோ விமானத்தைத் தாங்காத அளவுக்கு மெத்து. நடுவில் ஒரு பொருள் தேவைப்பட்டது.

அதைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் வில்ம். 1906 வாக்கில் பெர்லினுக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில், அலுமினியத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு செம்பும் அரைப்பங்கு மெக்னீசியமும் சேர்த்து, சூடாக்கித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். எஃகு என்றால் முக்கிய உடனே கடினமாகும். இது ஆகவில்லை. வார இறுதி வந்தது, துண்டை வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து சோதித்தால் அதே துண்டு முன்னைவிட நன்றாகக் கடினமாக இருக்கிறது. யாரும் தொடவில்லை, நேரம் மட்டும் போயிருக்கிறது. டியூரன் என்ற ஊர் ஆலை இதை விற்கத் தொடங்கியது, ஊர்ப்பெயரே உலோகத்துக்கும் வந்தது. முதலில் செப்பலின் ஆகாயக் கப்பல்களின் சட்டத்துக்குப் போனது. அப்புறம்தான் விமானத்துக்கு.

இந்தக் கதையை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே கையால் தெரிந்துகொண்டேன். எங்கள் ரிவெட் பகுதியில் ஒரு ஃப்ரீசர் இருக்கும். புதிதாக வந்தபோது குடிக்கத் தண்ணீர் இருக்கும் என்று திறந்தேன். உள்ளே டப்பா டப்பாவாக ரிவெட். உருகிய உப்புக் குளியலில் 490 டிகிரிக்கு மேல் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். குளிரில் இருக்கும்வரை மெத்தென்று இருக்கும். வெளியே எடுத்தால் பத்து, இருபது நிமிடத்துக்குள் அடித்துவிட வேண்டும். ஒருநாள் பேச்சுச் சுவாரசியத்தில் அரை மணி நேரம் விட்டுவிட்டு அடித்தேன். தலை ஓரத்தில் மயிரிழைபோல வெடிப்பு. சார்ஜென்ட் லென்ஸை என் கையில் கொடுத்து, "பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னார். அந்த வரிசை முழுவதையும் துளைத்து எடுத்துத் திரும்ப அடித்தேன்.

வில்ம் வார இறுதியில் விட்டுவிட்டுப் போன துண்டும் என் ரிவெட்டும் செய்தது ஒரே வேலை.

வானூர்தி மாணவி

ஐயா, 'வயதாகி இறுகுதல்' என்று ஒரு வரியில் பரீட்சைக்குப் படித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த ஃப்ரீசர் இனி மறக்காது. மிக்க நன்றி.

நூலகவாசி

கரூர்க்காரர் சொன்னதை வைத்தே என் பழைய கேள்விக்கு வருகிறேன். எஃப் 13-இல் வளைவைத் தாங்குவது உள்ளே உள்ள குழாய். தோல் முறுக்கை மட்டும் தாங்கியது. இன்றைய விமானத்தில் தோலே வளைவின் பெரும் பங்கைத் தாங்குகிறது. அந்த யோசனைக்கு மூலவர் அடோல்ஃப் ரோர்பாக். அவரும் ஜெர்மானியர்தான், அதே காலத்தவர்தான்.

அவர் பெர்லினுக்குப் பக்கத்தில் ஸ்டாக்கனில் வடிவமைத்த இ-4/20 என்ற விமானம் 1920-இல் பறந்தது. நான்கு எஞ்சின், 31 மீட்டர் இறக்கை, 18 பயணிகள், வழவழப்பான டியூராலுமின் தோல், அந்தத் தோலே பாரம் தாங்கியது. படத்தைத் தேதி சொல்லாமல் காட்டினால் 1930-களின் விமானம் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் அதைக் குண்டுவீச்சு விமானமாக மாற்றிவிட முடியும் என்று போரில் வென்ற நேச நாடுகளின் கட்டுப்பாட்டு ஆணையம் பயந்தது. 1922-இல் உடைத்துப் போடச் சொல்லிவிட்டார்கள். செய்தது ஒன்றே ஒன்று, அதுவும் போயிற்று.

தோல் என்று பார்த்தால் 247-இன் வம்சம் அந்த விமானத்திலிருந்து வருகிறது. யுங்கர்ஸின் நெளிதகட்டு வம்சம் ஃபோர்டு ட்ரைமோட்டர், யுங்கர்ஸின் யு 52 ஆகிய விமானங்கள் என்று போய் அங்கேயே நின்றுவிட்டது. ஃபோர்டு நெளிதகட்டோடு ஐரோப்பாவில் விற்க வந்தபோது யுங்கர்ஸ் காப்புரிமை வழக்குப் போட்டு ஜெயித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேகவழி

இ-4/20 பற்றி மேலோட்டமாகத்தான் படித்திருந்தேன். இரண்டு நாளாக அதையேதான் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது சரி, தோல் விஷயத்தில் என் 'கொள்ளுத்தாத்தா' நிற்காது.

ஆனால் பாருங்கள், ரோர்பாக்கின் விமானம் ஒரு பயணியைக்கூடக் காசு வாங்கி ஏற்றவில்லை. எஃப் 13 ஏறக்குறைய 320 செய்தார்கள், 1932 வரை. அதற்கும் தடை வந்தது. விமானங்கள் பறிமுதலாயின, 1921-இல் தயாரிப்பே நின்றது, மறுவருடம் கட்டுப்பாடுகளோடு திரும்பத் தொடங்கியது. அதற்கெல்லாம் தப்பி அது எங்கெல்லாம் போனது என்பதில்தான் அதன் பெருமை.

கொலம்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் பரான்கியா; தலைநகர் போகோட்டா மலைமேல். நடுவில் மக்தலேனா ஆறு. நீராவிப் படகில் ஆற்றை ஏறி முடிக்க நாள்கணக்கில் ஆகும். வறட்சியில் மணல்திட்டில் மாட்டினால் இன்னும் மோசம். 1919-இல் தொடங்கிய ஸ்காட்டா நிறுவனம் எஃப் 13-க்கு மிதவை கட்டி ஆற்றையே ஓடுபாதை ஆக்கியது. அந்த வெக்கையிலும் ஈரத்திலும் மரமும் பசையும் துணியும் எத்தனை நாள் தாங்கும்? மரம் வீங்கும், பசை விடும், துணி தொய்யும். உலோகத்தால் செய்ததன் அருமை டெஸ்ஸாவைவிட மக்தலேனாவில்தான் தெரிந்தது. ஸ்காட்டாதான் இன்றைய அவியான்கா. அதன் முதல் தலைவர் எர்னெஸ்தோ கோர்த்திசோஸ் 1924-இல் பரான்கியாவில் எஃப் 13 விழுந்தே இறந்தார். ஊர் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்.

ஃபின்லாந்தின் ஏரோ நிறுவனம், இன்றைய ஃபின்ஏர், 1924 மார்ச்சில் முதல் சேவையை ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்கு நடத்தியதும் எஃப் 13-இல்தான். அங்கே விமான நிலையமே கிடையாது. கோடையில் மிதவை, பனிக்காலத்தில் சறுக்குக்கட்டை. பொலிவியாவின் லாயிட் ஏரியோ 1925-இல் ஒரே ஓர் எஃப் 13-ஐ வைத்துத் தொடங்கியது. பாரசீகம், ஸ்வீடன், சோவியத் ஒன்றியம் எல்லாம் உண்டு. பல நாடுகளின் விமான சேவை பிறந்த தொட்டில் இது.

பழைய ஏர்ஃப்ரேம்

பெருமை பேசும்போது அமெரிக்காவையும் சொல்லுங்கள் தம்பி. ஜான் லார்சன் அதை 'ஜேஎல்-6' என்ற பெயரில் அங்கே கொண்டுபோய் விற்றார். அமெரிக்க அஞ்சல் துறை வாங்கியது. 1920 செப்டம்பரில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு ஜேஎல்-6 வானிலேயே தீப்பிடித்து விழுந்தன. நான்கு பேர் இறந்தார்கள். எரிபொருள் குழாயில் கசிவு. எஞ்சின் அதிரும், குழாய் விறைப்பாகப் பிடித்திருக்கும், இணைப்பில் விரிசல் விழும். சுற்றிலும் உலோகம் என்பதால் தீப்பிடிக்காது என்று நம்பிய காலம் அது. அதே வகை விமானம் 1921 டிசம்பர் கடைசியில் நியூயார்க் பக்கம் 26 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் பறந்து சாதனையும் செய்தது. குற்றம் தகட்டில் இல்லை, இணைப்பில் இருந்தது. எங்கள் வேலையில் பெரும்பாலும் அப்படித்தான்.

வானூர்தி மாணவி

விபத்து என்றதும் நானும் தேடிப் படித்த ஒன்றைச் சொல்கிறேன். 1930 ஜூலை 21, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மியோபம் கிராமம். பிரான்ஸின் லெ துக்கேயிலிருந்து வந்த எஃப் 13 வானிலேயே சிதறி ஆறு பேரும் இறந்தார்கள். ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணம் எனக்குப் புதிது. கீழே இருக்கும் இறக்கை திடீர் மேல்காற்றில் சிக்கும்போது, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் காற்று கலைந்து சுழலாகிப் பின்னால் போய் வாலைப் படபடவென்று அடித்திருக்கிறது. வால் முறிந்தது. 'பஃபெட்டிங்' என்று நாங்கள் படிப்பதை உலகம் உன்னிப்பாக ஆராயத் தொடங்கியதில் இந்த விபத்துக்குப் பங்கு உண்டு. பின்னால் வந்த கீழிறக்கை விமானங்களில் அந்த மூலையை வளைவாக மூடும் ஃபில்லெட் வந்தது.

இன்னொன்று, நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பாட்டா செருப்பு நிறுவனத்தைத் தொடங்கிய தோமாஷ் பாட்டா 1932 ஜூலையில் மூடுபனியில் கிளம்பி விழுந்து இறந்ததும் எஃப் 13-இல்தான்.

ஆல்ப்ஸ்தமிழ்

வணக்கம், நான் சுவிஸில் இருந்து எழுதுகிறேன். இந்த விமானம் திரும்பப் பறந்தது எங்கள் பக்கத்தில்தான். சூட்கேஸ் செய்யும் ரிமோவா நிறுவனத்தார் முன்நின்று புதிதாக ஒரு எஃப் 13 கட்டினார்கள். 2016 செப்டம்பர் 15-இல் டூபெண்டோர்ஃபில் பறந்தது. அவர்களுடைய பெட்டியில் வரிவரியாக இருக்குமே, அந்த யோசனை யுங்கர்ஸ் தகட்டிலிருந்து வந்ததுதான். பாரிஸ் பக்கத்தில் லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய விமானத்தை லேசரால் அளந்தார்கள். எஞ்சின் மட்டும் அமெரிக்க வாஸ்ப் ஜூனியர்.

பிறகு ஒருநாள் வேலி ஓரத்தில் நின்று அது பறந்து வருவதைப் பார்த்தேன். வெயில் பட்டதும் இறக்கையில் கோடுகோடாக வெளிச்சம் ஓடியது. கரூர் அண்ணை, உங்கட கூரை ஷீட் மாதிரியேதான்! மெதுவாகத்தான் போனது. என்ர மகன், "அப்பா, இது தகரத்தில செய்ததா?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

நூலகவாசி

அழகு. சரி, மேகவழி, நெளிதகட்டுக்கும் பேராசிரியருக்கும் உள்ள தொடர்பை யாரும் சொல்லவில்லையே. அவர் ஜெர்மனியின் ஆகன் நகரில் வெப்பவியல் பேராசிரியர், அதற்கு முன்பிருந்தே குளியல் வெந்நீர் அடுப்பு செய்து விற்றவர். மெல்லிய தகட்டை எப்படி விறைப்பாக்குவது என்பது அவர் பட்டறைக்குப் பழகிய வேலை.

மேகவழி

ஆமாம். 1910-லேயே தடித்த இறக்கைக்குக் காப்புரிமை வாங்கினார். இறக்கை தடிமனாக இருந்தால் தாங்குசட்டம் எல்லாம் உள்ளேயே அடங்கும், வெளியே கம்பி வேண்டாம். அந்த ஒரு யோசனையிலிருந்துதான் மற்றது எல்லாம் வந்தது. 1933-இல் நாஜிகள் காப்புரிமைகளையும் நிறுவனத்தையும் மிரட்டி எழுதி வாங்கிக்கொண்டார்கள், மனிதரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1935 பிப்ரவரி 3, தன் 76-ஆவது பிறந்தநாளில் இறந்தார். பயணி விமானம் தேசங்களை நெருங்க வைக்கும் என்று நம்பியவர். பின்னால் அவர் பெயரோடு குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன. இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

கரூர் தகரம்

அண்ணே, நேற்று பட்டறையில் ஒன்று செய்து பார்த்தேன். ஒரே ஷீட்டில் ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை அப்படியே விட்டேன், இன்னொன்றை பென்டிங் மெஷினில் நெளித்தேன். இரண்டையும் இரண்டு செங்கல் மேல் பாலம் மாதிரி வைத்தேன். முதல் துண்டில் ஒரு ஸ்பேனர் வைத்ததுமே தொய்ந்து தரையைத் தொட்டது. நெளித்த துண்டு ஒரு முழு டூல் பாக்ஸைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நெளித்ததும் அகலத்தில் நாலு விரற்கடை சுருங்கிவிட்டது. அதே இடத்தை மூட இன்னும் தகடு வேண்டும். காற்று உரசும் பரப்பும் அந்த அளவுக்குக் கூடும். தங்கச்சி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: தடை கூடும் என்று தெரிந்தே, கனம் குறைக்கக் கொடுத்த விலை.

வானூர்தி மாணவி

கூடவே, காற்று எப்போதும் நெளி ஓடும் திசையிலேயே வராது அண்ணா. திரும்பும்போதும், நுனிப் பக்கமும் குறுக்கே பாயும். அங்கே தடை இன்னும் ஏறும். மணிக்கு 150 கிலோமீட்டரில் அது பெரிதாக உறைக்காது. 300-இல் உறைக்கும்.

மேகவழி

அப்படியென்றால் 1919-க்கு அது சரியான விலைதான்.

நூலகவாசி, 'கொள்ளுத்தாத்தா' வரியை மாற்றலாம் என்று போனால், பழைய பதிவைத் திருத்தும் நேரம் தாண்டிவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்: தாங்குகட்டை இல்லாத கீழிறக்கையும், பயணிக்கென்றே செய்த மூடிய உலோக உடலும் எஃப் 13-இலிருந்து வந்தவை. பாரம் தாங்கும் வழவழப்பான தோல் ரோர்பாக் வழியாக வந்தது. 247-இல் இரண்டும் சேர்ந்தன.

கரூர் தம்பி, அந்த இரண்டு துண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டூல் பாக்ஸோடு ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.